நாரையூரும் நறையூரும்

வீடியோவுக்குப் பெயர் வைப்பது பற்றி அவ்வப்போது நோட்டில் எழுதி வைத்தவை. ஊர் காட்டுமன்னார்கோயில். பிழைப்பு கல்யாண வீடியோ. முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஊரைச் சுற்றிப் படம் எடுத்து யூடியூபில் ஏற்றுவது வழக்கம்.

*

மூன்று வருஷத்துக்கு முன் நானே ஏற்றிய வீடியோ ஒன்று இன்று தேவைப்பட்டது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீர் வீராணத்தில் வந்து விழுகிற காட்சி. விடியற்காலையில் கரைமேல் நின்று எடுத்தது. அபுதாபியில் இருக்கும் லால்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டார். “தம்பி, ஏரிக்குத் தண்ணி வர்றத எடுத்தியே, அத அனுப்பு. புள்ளைங்களுக்குக் காட்டணும்.”

“இதோ அனுப்புறேன் பாய்” என்று சொல்லிவிட்டுத் தேடினேன். ஊர்ப்பெயர் போட்டுத் தேடினேன். ஏரிப்பெயர் போட்டுத் தேடினேன். வரவில்லை. கடைசியில் என் சேனலுக்குள் போய் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து எடுத்தேன். தலைப்பு: ‘செம வியூ, மிஸ் பண்ணாதீங்க’. டிஸ்கிரிப்ஷன் காலி. எடுத்தவனுக்கே அகப்படாத படம் முன்பின் தெரியாதவருக்கு எப்படி அகப்படும்?

ஊர்ப்பெயரை எழுத ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை என்று யோசித்தேன். பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள் என்ற நினைப்புதான். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் திண்ணை எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில்லை. தேடி வருகிறவர் திண்ணையில் இல்லை. அவர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

*

இந்த ஊரில் இருந்துகொண்டு தேடுவதைப் பற்றி எழுதினால் வைணவ ஆசாரியர் நாதமுனிகளிடம்தான் தொடங்க வேண்டும்.

அவர் பிறந்தது இங்கே, அன்றைய வீரநாராயணபுரத்தில். வைணவர்கள் சொல்லிவரும் கதை: வெளியூரிலிருந்து வந்த அடியார்கள் சிலர் பெருமாள் சந்நிதியில் ஒரு பதிகம் பாடினார்கள். திருக்குடந்தை ஆராவமுதன்மேல் நம்மாழ்வார் பாடியது. நாதமுனிகள் உருகிப்போனார். கடைசிப் பாட்டு வந்தது. பாடியவர் பெயரும் அவருடைய ஊராகிய குருகூரும் அதில் இருந்தன. ஆயிரம் பாட்டில் இவை பத்து என்ற கணக்கும் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டார். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. திருக்குடந்தையில் விசாரித்தார், அங்கேயும் இல்லை. குருகூருக்கே போனார். அங்கே மதுரகவியாழ்வாரின் ‘கண்ணிநுண்சிறுத்தாம்பு’ மட்டும் கிடைத்தது. அதைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதினார். கேட்டது ஆயிரம், நம்மாழ்வார் அருளால் கிடைத்தது நாலாயிரம்.

பக்தியோடு கேட்டு வளர்ந்த கதைதான். இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு அதில் இன்னொன்றும் தெரிகிறது. அந்தக் கடைசிப் பாட்டில் மூன்று விஷயங்கள் இருந்தன: யார் பாடியது, எந்த ஊர், மொத்தம் எத்தனை. மூன்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் நாதமுனிகள் எந்தத் திசையில் கிளம்பியிருப்பார்? பத்துப் பாட்டும் நல்ல பாட்டு என்று கேட்டு மகிழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

பாட்டுக்குள்ளேயே விலாசத்தை வைத்தார்கள். ஓலை பிரிந்தாலும், கட்டு சிதறினாலும், யாரோ ஒருவர் வாயில் பத்துப் பாட்டு மட்டும் மிஞ்சினாலும் விலாசம் கூடவே போகும். சம்பந்தர் பதிகங்களிலும் அப்படித்தான். கடைசிப் பாட்டாகிய திருக்கடைக்காப்பில் தம் பெயரையும் ஊராகிய காழியையும் சொல்லி முடிப்பார்.

*

இன்னொருவரும் இந்தத் தாலுகாக்காரர்தான். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கச் செய்து, செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளில் மிஞ்சியவற்றை எடுத்துத் திருமுறைகளாக வகுத்தவர் என்பது மரபு. அறையைத் திறக்கத் தேவாரம் பாடிய மூவரும் நேரில் வரவேண்டும் என்று சொல்லப்பட, மூவர் திருமேனிகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம்.

ஒரு தாலுகாவிலிருந்து இரண்டு பேர். ஒருவர் வைணவத் தமிழைத் தேடி எடுத்தார். ஒருவர் சைவத் தமிழை. இதை நினைக்கும்போதெல்லாம், அடுத்த ஆள் தேடி எடுக்கிற மாதிரி ஒரு பொருளை வைத்துவிட்டுப் போகும் கடமை இந்த ஊர்க்காரனாகிய எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும்.

தேவாரத்தைப் பண்முறையாகவும் அச்சிட்டார்கள், தலமுறையாகவும் அச்சிட்டார்கள். ஓதுவாருக்குப் பண் வேண்டும். யாத்திரை போகிறவருக்குத் தலம் வேண்டும். அதே பாட்டுக்கு இரண்டு வாசல். என் சேனலில் பிளேலிஸ்ட் போடும்போது இது ஞாபகம் வந்தது. ஊர்வாரியாக ஒரு வரிசை, பொருள்வாரியாக ஒரு வரிசை: ஏரி, கோயில், வயல், கைத்தொழில். ஒரே வீடியோ இரண்டிலும் இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

*

சரி, திருநாரையூர். இதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன்.

பொல்லாப்பிள்ளையார் கோயிலில் எடுத்த வீடியோவுக்கு ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் போட்டிருந்தேன். கீழே ஒருவர் கேட்டிருந்தார்: “கல் கருடன் சந்நிதி எங்கே? காட்டவே இல்லையே.” எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் தேடியது கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயில். அந்தத் திவ்யதேசத்தின் பெயர் திருநறையூர். இங்கே இருப்பது திருநாரையூர். அங்கே நறை, தேன். இங்கே நாரை, பறவை. தமிழில் எழுதினால் ஒரு துணைக்காலும் ஒரு றகரமும் இரண்டு ஊரையும் பிரித்து வைத்துவிடுகின்றன. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டுக்குள் போய் விழுந்துவிடுகின்றன.

ஆகவே தமிழ் எழுத்தில் பெயர் கட்டாயம். அதோடு நிறுத்தவும் முடியாது. நம்மில் எத்தனையோ பேர் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. எனவே தலைப்பில் தமிழ். டிஸ்கிரிப்ஷன் முதல் வரியில் ஆங்கில எழுத்தில் அதே பெயர். கூடவே ‘காட்டுமன்னார்கோயில் வட்டம், கடலூர் மாவட்டம்’. இந்த மூன்றும் சேர்ந்தால் கல் கருடனைத் தேடுகிறவர் இங்கே வந்து ஏமாறமாட்டார்; நம்பியாண்டார் நம்பியைத் தேடுகிறவர் நாச்சியார்கோயிலுக்குப் போய் அலையமாட்டார்.

யூடியூபில் வேற்றுமொழித் தலைப்பைத் தனியாகச் சேர்க்க ஒரு வசதி உண்டு. ஒரே வீடியோ, தமிழில் பார்க்கிறவருக்குத் தமிழ்த் தலைப்பு, ஆங்கிலத்தில் பார்க்கிறவருக்கு ஆங்கிலத் தலைப்பு. இதை நம் பக்கத்து ஆட்கள் அதிகம் தொடுவதில்லை. தொட்டால் ஒரே வரியில் இரண்டு மொழியையும் திணிக்க வேண்டியதில்லை.

*

இதே சங்கடம் உள்ள மற்றப் பெயர்கள், ஞாபகத்துக்கு:

கடம்பூர். நமக்கு மேலக்கடம்பூர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவருக்குச் சம்புவரையர் மாளிகை. திருநெல்வேலிப் பக்கம் போனால் போளிக்குப் பேர்போன கடம்பூர், ரயில் நிலையத்தோடு. சத்தியமங்கலம் பக்கம் கடம்பூர் மலை. வெறும் ‘கடம்பூர்’ என்று தலைப்பு வைத்தால் நாலில் மூன்று பேர் தவறான இடத்துக்கு வந்ததாக நினைத்து வெளியே போய்விடுவார்கள். வந்தவர் உடனே வெளியேறினால் அதையும் இயந்திரம் கவனிக்கிறது.

வீராணம். சேலத்தில் ஒன்று, தென்காசிப் பக்கம் ஒன்று. ‘ஏரி’ என்ற சொல் சேர்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நம்ம ஊரே. காட்டுமன்னார்கோயில், காட்டுமன்னார்கோவில், காட்டுமன்னார்குடி. மூன்றையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்கிறேன். கடைசிப் பெயரை அரைகுறையாகத் தட்டினால் திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடிக்குப் போய்விடும், ராஜகோபாலசாமி கோயிலுக்கு.

*

தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். கணினியின் எண்ணிக்கை வேறு. ‘கோ’ நமக்கு ஓர் எழுத்து. அதற்குக் ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளிக்கும் தனிக் கணக்கு. ‘காட்டுமன்னார்கோயில்’ நம் கணக்கில் பத்து எழுத்து. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், அதன் கணக்கில் பத்தொன்பது. ஐந்தில் ஒரு பங்கு ஊர்ப்பெயருக்கே போய்விடுகிறது. போகட்டும். ‘செம வியூ, மிஸ் பண்ணாதீங்க’ என்ற நாலு சொல்லுக்குச் செலவழித்ததை ஊர்ப்பெயருக்குச் செலவழிக்கிறேன்.

போனில் தலைப்பு முழுதாகத் தெரியாது, பாதியில் வெட்டிவிடும். எனவே முக்கியச் சொல் முதலில் வரவேண்டும். நம் பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும். ஆயிரம் பாட்டானாலும் முதல் சொல் தெரிந்தால் போதும், பக்கத்தைப் பிடித்துவிடலாம். பாட்டின் பெயரே அதன் முதல் சொல்தான். அந்தப் பழக்கம் உள்ள மொழிக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

ஒரு சின்ன இலக்கண விஷயம். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை; எழுதி வைக்கிறேன்.

‘வீராணத்தில் தண்ணீர் வந்தாச்சு’ என்று தலைப்பு வைத்தேன். அதில் ‘வீராணம்’ என்ற சொல் இல்லை. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. சிதம்பரம், சிதம்பரத்தில், கடலூர், கடலூரில். ‘கடலூரில்’ என்பதற்குள் கடலூர் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ‘வீராணத்தில்’ என்பதற்குள் வீராணம் முழுசாக இல்லை; வால் மாறிவிட்டது. தேடுகிறவர் வேற்றுமை உருபோடு தேடமாட்டார். ‘வீராணம் ஏரி’ என்றுதான் தட்டுவார். இயந்திரம் இரண்டையும் ஒன்றெனப் புரிந்துகொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பெயரை ஒரு தரமாவது உருபு ஏறாமல், தனித்து நிற்க எழுதிவிடுவது நல்லது. ‘வீராணம் ஏரி: வடவாறு தண்ணீர் வந்து சேரும் காட்சி’. இவ்வளவு போதும்.

*

உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கு, மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களும் 2022, 2023இல் வந்த பிறகு, கேமராவோடு வருகிறவர்கள் அதிகம். எல்லாரும் அந்தக் கல்வெட்டைத்தான் கேட்கிறார்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் நிலத்தைப் பற்றி ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் பெயர்கள் அதில் இருக்கின்றன.

ஒருநாள் அப்படி வந்த பையன், கல்லூரி மாணவன், என்னைக் கேட்டான்: “அண்ணே, நிறையப் பேர் இத எடுத்துட்டாங்க. நான் போட்டா யாருண்ணே பாப்பா?”

நியாயமான கேள்வி. அவனுக்கு நான் சொன்னது இது: கேள்வியோடு தேடுகிறவர்கள் நிறைய. ‘ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்’ என்று எல்லாரும் கேட்கிறார்கள்; அந்த வரிசையில் நீ கடைசி ஆள். ஆனால் கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது, எங்கே நின்று பார்த்தால் எழுத்து தெரியும், எந்த வெளிச்சத்தில் படிக்க முடியும், பெயர்கள் எந்த வரியில் வருகின்றன என்று காட்டுகிறவர் யார்? அதைக் காட்டு. தலைப்பிலும் அதையே எழுது. பத்தாயிரம் பேர் தேடும் சொல்லில் நூறாவது இடத்தில் நிற்பதைவிட, இருபது பேர் தேடும் சொல்லில் முதல் இடத்தில் நிற்கலாம். அந்த இருபது பேரும் கடைசிவரை பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் கல்வெட்டுக்கு எண் இருக்கிறது: 1920ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தொகுப்பில் 577. நீலகண்ட சாஸ்திரி உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் எழுதுகிறார்கள். டிஸ்கிரிப்ஷனில் அதைப் போட்டால், நாளைக்கு ஆராய்ச்சி செய்கிற ஒரு மாணவி அந்த எண்ணைத் தட்டும்போது உன் வீடியோ எதிரே வந்து நிற்கும். கோயிலுக்கு வரமுடியாதவர் அந்தச் சுவரைப் பார்ப்பார்.

பையன் போய்த் திரும்பி வந்து காலை வெளிச்சத்தில் மறுபடியும் எடுத்தான். அதுவே எனக்குச் சந்தோஷம்.

*

வயல்காரர்கள் தேடுவது வேறு விதம். அவர்கள் தட்டுவதில்லை, போனை வாய்க்கு அருகே வைத்துப் பேசுகிறார்கள்.

சம்பா நடவு முடிந்து தூர் கட்டும் சமயம். எங்கள் சித்தப்பா வரப்பில் நின்று போனிடம் கேட்டார்: “நெல்லுல பொகையான் வந்தா என்னா மருந்து?” வந்த முதல் இரண்டு வீடியோக்களும் வேறு எதையோ பேசின. வீட்டுக்கு வந்து நான் தேடிப் பார்த்தேன். அருமையான வீடியோ ஒன்று இருந்தது. விஷயம் தெரிந்தவர், வயலிலேயே நின்று, தூரைப் பிரித்து அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியைக் காட்டி, வயலில் தண்ணீரை வடிக்க வேண்டியதன் அவசியத்தைச் சொல்கிறார். தலைப்பு: ‘நெற்பயிரில் பழுப்புத் தத்துப்பூச்சி மேலாண்மை’. புகையான் என்ற சொல் தலைப்பிலும் இல்லை, கீழேயும் இல்லை.

இரண்டும் ஒரே பூச்சி. வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து, புகை பட்டது போல ஆகிவிடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வைத்த பெயர் புகையான். பாடப் புத்தகம் வைத்த பெயர் பழுப்புத் தத்துப்பூச்சி. தண்டுத் துளைப்பானுக்குக் குருத்துப்பூச்சி என்று வயலில் பெயர். சித்தப்பா எந்தக் காலத்திலும் போனைப் பார்த்து ‘மேலாண்மை’ என்று சொல்லப் போவதில்லை.

இதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு; மறைக்கவில்லை. பூச்சி விழுந்த வயல் நாலைந்து நாளில் கை நழுவிவிடும். தெரிந்தவர் சொல்லியிருக்கிறார், கேட்பவர் கேட்டிருக்கிறார், நடுவே ஒரு சொல் பொருந்தவில்லை. ‘புகையான் (பழுப்புத் தத்துப்பூச்சி): தண்ணீரை வடித்து நெல்லைக் காப்பாற்றுவது எப்படி’ என்று ஒரு வரி மாற்றினால் போதும். படத்தில் ஒரு நொடி கூட மாற்ற வேண்டாம்.

வீடியோ எடுப்பதற்கு முன் அந்த வேலை செய்கிறவர் ஒருவரிடம் போய், “இத நீங்க என்னான்னு சொல்வீங்க?” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்களிடம், பாய் பின்னுகிறவர்களிடம், நாற்று முடிகிறவர்களிடம். அவர்கள் சொல்லும் சொல்தான் அந்த வீடியோவின் தலைப்பு. அகராதிச் சொல் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.

*

மேலக்கடம்பூர் அமிர்தகடேசுவரர் கோயில். தேர் வடிவில் கட்டிய கரக்கோயில். கருவறையே சக்கரங்களோடு தேராக நிற்கிறது. அங்கே பத்துக் கைகளோடு நந்திமேல் ஆடும் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. வங்காளத்துப் பாலர் காலக் கைவேலை. பிரதோஷத்தில்தான் தரிசனம்.

ஒரு நண்பர் எடுத்த வீடியோவில் அந்தத் திருமேனி ஒன்பதாவது நிமிஷத்தில் வருகிறது. அதற்கு முன் வண்டியில் வருவது, டீ குடிப்பது, கோபுரத்துக்கு வெளியே நின்று பேசுவது. அதைப் பார்ப்பதற்காகவே வந்தவர் ஒன்பது நிமிஷம் காத்திருப்பாரா? நேரக்குறிப்பு போடச் சொன்னேன். டிஸ்கிரிப்ஷனில் இப்படி:

0:00 மேலக்கடம்பூர் போகும் வழி
2:10 கரக்கோயில், தேர்ச் சக்கரங்கள்
5:40 சுற்றுச்சுவர்ச் சிற்பங்கள்
9:05 பத்துக்கை ரிஷப தாண்டவமூர்த்தி

முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும். மூன்று பகுதிகளாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையக்கூடாது. அப்போதுதான் வீடியோவின் கீழே ஓடும் கோடு பகுதி பகுதியாகப் பிரியும். இந்த நாலு வரியை எழுதினால், கூகுளில் ரிஷப தாண்டவமூர்த்தியைத் தேடுகிறவர் நேரே ஒன்பதாவது நிமிஷத்துக்கு வந்து இறங்குகிற வாய்ப்பும் இருக்கிறது. எழுத ஐந்து நிமிஷம் ஆகாது.

*

சப்டைட்டில். தானாக வருவதை நம்பி விட்டால் நம் ஊர்ப்பேச்சில் ‘வடவாறு’ ‘வடபாறை’ ஆகிவிடும்; ‘கீழணை’ ‘கீழனை’. நாமே தட்டி ஏற்றினால் தவறு வராது. எளிய கோப்புதான். ஒரு வரிசை எண். அடுத்த வரியில் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை. அதற்குக் கீழே பேச்சு. ஒரு வரி வெற்றிடம். மறுபடி அடுத்த எண். பத்து நிமிஷ வீடியோவுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் செய்ய முடிவதில்லை. வயதானவர்கள் பேசும் வீடியோக்களுக்கு மட்டும் விடாமல் செய்கிறேன். காது கேளாதவர் படிக்கலாம் என்பதே காரணம்.

*

டேக். இதற்கு மந்திர சக்தி இருப்பதாக நம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யூடியூபே சொல்கிறது, அதன் பங்கு மிகக் குறைவு, எழுத்துப்பிழையோடு தேடுகிறவர்களுக்குத்தான் உதவும் என்று. கோவில், கோயில், குடி என்று நம்ம ஊரின் மூன்று பெயர்களையும் அங்கே போட்டுவிட்டு எழுந்து போகலாம். டிஸ்கிரிப்ஷனில் நடிகர் பெயர்களையும் சம்பந்தமில்லாத ஊர்ப்பெயர்களையும் அள்ளிக் கொட்டுவது விதிமீறல், வீடியோவையே எடுத்துவிடுவார்கள்.

*

மழைக்காலம். இதை அழுத்தி எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் ‘வீராணம் உடைந்தது’ என்று ஒரு வீடியோ சுற்றும். திறந்து பார்த்தால் 2015ஆம் வருஷத்து வெள்ளமாக இருக்கும். அல்லது 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போன சமயம் கொள்ளிடத்தில் எடுத்ததாக இருக்கும். எடுத்தவர் பொய் சொல்லவில்லை. தேதி போடவில்லை, அவ்வளவுதான். தேதி இல்லாத வெள்ளம் வருஷா வருஷம் புதிதாக வருகிறது. கரையோரக் கிராமங்களில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூட்டை கட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அழுதுகொண்டே போன் செய்கிறார்கள்.

தண்ணீர் பற்றிய எந்த வீடியோவிலும் நாள், மாதம், வருஷம் தலைப்பிலேயே இருக்க வேண்டும். நீர்மட்டம் சொன்னால் எந்த நாள் மட்டம் என்று சொல்ல வேண்டும். முழு நீர்மட்டம் 47.5 அடி என்பதையும் சேர்த்தால்தான் வெளியூர்க்காரருக்கு 45 அடி என்பது பயமா நிம்மதியா என்று புரியும். 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. அங்கே இருப்பவர்களும் நீர்மட்டம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீடியோவில் இல்லாததைத் தலைப்பில் சொல்லி ஆட்களை இழுப்பதை, அதிலும் செய்தி சம்பந்தமான வீடியோக்களில், இந்தியாவில் கடுமையாகக் கவனிக்கப் போவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. அந்த அறிவிப்பு வராவிட்டாலும் செய்யக் கூடாததுதான். தேடுகிறவர் நம்மை நம்பிக் கதவைத் தட்டுகிறார்.

*

ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஃபிளெக்ஸுக்கும் பத்திரிகைக்கும் நாம் பழைய எழுத்துருக்களில் தட்டிப் பழகியவர்கள். அதை அப்படியே நகல் எடுத்துத் தலைப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். அப்போது சிலர் ‘சரி, தம்ப்நெயிலில் தமிழில் பெரிசாக இருக்கிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். தம்ப்நெயிலில் இருப்பது படம். அதில் ஊர்ப்பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினாலும் தலைப்பில் எழுதியதாக ஆகாது. யூனிகோடில் தட்டுங்கள். போனிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது.

*

எல். இளையபெருமாள் இந்த மண்ணின் மனிதர். தீண்டாமையைப் பற்றி ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். 1969இல் அறிக்கை கொடுத்தார்கள். அவரை நேரில் பார்த்துப் பழகிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பேசியதைப் போன மாதம் எடுத்தேன். அவர் பேச்சு முழுக்க “தலைவர்” என்றுதான் வருகிறது. பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மரியாதை அப்படி. எனவே பெயரை நான் எழுத வேண்டியிருந்தது: ‘எல். இளையபெருமாள் பற்றி, உடன் இருந்தவர் சொல்வது’. கீழே அவர் எந்த வருஷங்களில் மக்களவையில் இருந்தார், குழு எது, அறிக்கை எது என்று ஐந்து வரி. பேசுகிறவர் சொல்லாமல் விட்டதைக் கூட இருப்பவர் எழுதி வைக்க வேண்டியதுதான்.

*

நேற்று சாயங்காலம். ஒரு ஆயாவின் நடவுப் பாட்டு. எண்பதைத் தாண்டியவர். குரல் உடைந்தாலும் தாளம் பிசகவில்லை. கேமராவை வைத்துவிட்டுச் சொன்னேன்:

“ஆயா, பாடறதுக்கு முந்தி உங்க பேரு, ஊரு சொல்லுங்க.”

“எதுக்கு தம்பி? ஒனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் ஆயா. பாக்கறவங்களுக்குத் தெரியாது இல்ல?”

சற்று யோசித்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பெயரைச் சொன்னார். வாழ்க்கைப்பட்ட ஊரைச் சொன்னார். பிறகு நான் கேட்காமலே, “இந்தப் பாட்டு எங்கம்மா பாடுனது. அவங்களுக்குப் பொறந்த ஊரு கொள்ளிடத்துக்கு அந்தாண்ட” என்று சொல்லி, அந்த ஊரின் பெயரையும், அம்மாவின் பெயரையும், யார் வயலில் நடும்போது இதைப் பாடுவார்கள் என்பதையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் பாடத் தொடங்கினார்.

இரண்டு ஊர்ப்பெயரையும் தலைப்பில் போட்டிருக்கிறேன். 100 எழுத்துக்குள் அடங்கிவிட்டது.